ஒரே தடிமன், வேறு வேறு விலை: கிராஷ் பேட்டின் உள்ளே என்ன இருக்கிறது?

நான்கைந்து மீட்டர் உயரமுள்ள பாறைகளில் கயிறு கட்டாமல் ஏறும் விளையாட்டுக்கு போல்டரிங் என்று பெயர். கயிறு செய்ய வேண்டிய காவலை இங்கே தரையில் விரித்த ஒரு மடக்கு மெத்தை செய்கிறது. அதுதான் கிராஷ் பேட். உள்ளரங்கச் சுவர்களில் பழகியவர் வெளிப்பாறைக்குப் போகலாம் என்று தீர்மானித்து இந்த மெத்தையைத் தேடத் தொடங்கினால் மூன்று குழப்பங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

1. இரண்டு மெத்தைகள், இரண்டும் 10 செ.மீ. தடிமன், நீள அகலமும் ஒன்றே. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம்.
2. கயிறு, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் எல்லாவற்றிலும் தரச் சான்றின் எண் பொறித்திருக்கிறது. மெத்தைகளில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை.
3. மலையேற்றக் கருவிகளில் பெயர் பெற்ற நிறுவனங்களுக்குப் பக்கத்திலேயே, கேள்விப்படாத சிறு தையற்கூடங்களின் மெத்தைகளும் விற்கின்றன. சில சமயம் கூடுதல் விலைக்கும்.

மூன்றையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் ஒரே இடத்தில் வந்து முடியும்: கிராஷ் பேட் என்பது பெரும்பாலும் காற்று.

தரைவிரிப்பிலிருந்து மெத்தை வரை

பாரிஸுக்கு அருகிலுள்ள ஃபோன்தேன்புளோ காட்டுப் பாறைகளில் ஏறியவர்கள் நெடுங்காலம் ஒரு சிறிய விரிப்புத் துண்டை எடுத்துச் சென்றார்கள். காலணியில் ஒட்டிய மணலைத் துடைப்பதுதான் அதன் வேலை. விழுந்தால் காப்பாற்றும் என்று யாரும் அதை நம்பவில்லை. அமெரிக்காவில் போல்டரிங்கைத் தனி விளையாட்டாக நிலைநிறுத்திய ஜான் கில், 1961இல் தெற்கு டக்கோட்டாவின் நீடில்ஸ் பகுதியில் ‘திம்பிள்’ என்ற பாறையில் ஏறியபோது கீழே மெத்தை இல்லை. சாலையோரத் தடுப்பு வேலிதான் இருந்தது. அந்தத் தலைமுறைக்கு, கீழே இறங்கும் வழியையும் சேர்த்துக் கற்பதுதான் பாதுகாப்பு.

விற்பனைக்கென்றே செய்த மெத்தை 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. கின்னலோவா நிறுவனத்தின் ‘ஸ்கெட்ச் பேட்’ அவற்றில் முதலாவது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் வடிவமைப்பில் பங்கேற்றவர் ஜான் ஷெர்மன். டெக்சஸின் ஹுவேகோ டேங்க்ஸ் பாறைகளுக்கு வழிகாட்டி எழுதி, போல்டரிங் கடினத்தை அளக்கும் ‘வி’ அளவுகோலைப் பரப்பியவரும் அவரே. மெத்தை வந்த பிறகு ஏறுபவர்கள் துணிந்து விழத் தொடங்கினார்கள். ஒரே நகர்வை இருபது முறை முயன்று பார்க்க முடிந்தது. விளையாட்டின் தன்மையையே மாற்றிய கருவி என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

விழுதலின் கணக்கு

மெத்தையின் வேலை விழுகிறவரை நிறுத்துவது என்று நினைக்கிறோம். நிறுத்துவதற்குத் தரையே போதும். மெத்தை செய்ய வேண்டியது, நிற்பதற்கான தூரத்தைக் கூட்டித் தருவது.

4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் கீழே வரும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கி.மீ. அந்த வேகம் பூஜ்யமாக எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. 10 செ.மீ. நுரை முழுவதுமாக அமுங்காது. மிஞ்சிப் போனால் 7 செ.மீ. அமுங்கும். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், 4 மீட்டருக்கு 7 செ.மீ.: சராசரி வேகத் தடை புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 57 மடங்கு. இதுவே முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, இன்னொரு 40 செ.மீ. தூரத்தைச் சேர்த்துக்கொண்டால் 9 மடங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இதிலிருந்து விளம்பரங்கள் சொல்லாத ஓர் உண்மை தெரிகிறது. காலூன்றி விழும்போது அதிர்ச்சியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைகள்தான். அந்தச் சமயத்தில் மெத்தையின் பங்கு முதல் சில நூறில் ஒரு பங்கு நொடிகளுக்கானது: குதிகாலில் ஏறும் உச்ச விசையைத் தணிப்பது, கணுக்கால் மடங்காமல் சமதளம் தருவது, கூரான கல்லையும் வேரையும் மறைப்பது. முதுகு தரையில் படும்படி விழுந்தால் கதை வேறு. அங்கே மடக்குவதற்குக் கால் இல்லை. மெத்தை தரும் தூரத்தைத்தான் நம்ப வேண்டும்.

தயாரிப்பாளரின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. குதிகாலின் பரப்பு மிகச் சிறியது. அது மென்மையான நுரையைத் துளைத்துக்கொண்டு அடிவரை போய்விடும். முதுகின் பரப்பு பெரியது. கடினமான நுரையில் அது பாதிகூட அமுங்காமல் நின்றுவிடும். குதிகாலுக்கு ஏற்றது முதுகுக்குக் கல். முதுகுக்கு ஏற்றது குதிகாலுக்குச் சேறு. 50 கிலோ எடையுள்ளவரும் 90 கிலோ எடையுள்ளவரும் ஒரே மெத்தையில் விழுவார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கும் மெத்தை, யாருக்கோ ஒருவருக்கு ஏற்றது என்றுதான் பொருள்.

இரண்டு வகை நுரை, இரண்டு வேலை

இந்த முரண்பாட்டுக்குத் தொழில் கண்டுபிடித்த பதில், அடுக்குகள்.

மேலே இருப்பது மூடிய அறை நுரை. பெரும்பாலும் பாலிஎத்திலீன், சில மெத்தைகளில் ஈ.வி.ஏ. இதன் ஒவ்வொரு நுண்ணறையும் தனித்தனிக் குமிழி. உள்ளே இருக்கும் காற்று வெளியே போக முடியாது. தொட்டால் பலகைபோல் விறைப்பாக இருக்கும். குதிகாலின் விசையைப் பிடித்து அகலமாகப் பரப்பிவிடுவது இதன் வேலை. சதுப்பு நிலத்தில் பலகை போட்டு நடப்பதற்கு ஒப்பானது.

கீழே இருப்பது திறந்த அறை நுரை. சோபாவிலும் படுக்கையிலும் இருக்கும் அதே பாலியூரித்தேன் குடும்பம். இதன் அறைகள் ஒன்றுக்கொன்று திறந்தவை. அமுக்கும்போது காற்று குறுகிய வழிகளில் பிதுங்கிக்கொண்டு வெளியேறும். அந்தச் சிரமத்தில்தான் விழுதலின் ஆற்றல் செலவாகிறது. வெறும் மூடிய அறை நுரையை மட்டும் வைத்தால் அடைபட்ட காற்று வில்லைப்போல் திருப்பித் தள்ளும். ஏறுபவர் பந்துபோல் எகிறுவார். சில தயாரிப்பாளர்கள் அடியிலும் மெல்லிய மூடிய அறை நுரை ஒன்றை வைக்கிறார்கள். அது கீழிருந்து குத்தும் கல்லுக்கு எதிரானது. ஈரத்தையும் ஓரளவு தடுக்கும்.

திறந்த அறை நுரையை மெல்ல அமுக்கிப் பார்த்தால் மூன்று கட்டங்கள் தெரியும். முதலில் கொஞ்சம் எதிர்க்கும். பிறகு நுண்ணறைகளின் சுவர்கள் மடிய மடிய, விசை அதிகம் கூடாமலேயே நிறைய அமுங்கும். பயன் தரும் பகுதி இதுதான். கடைசியில் மடிய வேண்டிய சுவரெல்லாம் மடிந்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிட, நுரை திடீரென்று கட்டையாகிவிடும். கப்பலுக்குச் சொல்வதுபோல இதைத் தரைதட்டுதல் என்று சொல்லலாம். தரைதட்டிய நொடியில் உங்களுக்குக் கீழே மெத்தை இல்லை, தரைதான் இருக்கிறது. நல்ல மெத்தை என்பது, அது எந்த உயரத்துக்கென்று விற்கப்பட்டதோ அந்த உயரத்தில் தரைதட்டாத மெத்தை.

குழப்பும் இரண்டு எண்கள்

நுரையைப் பற்றிப் பேசும்போது அடர்த்தி, கடினம் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கம். விற்பவர்களும் இதைச் செய்கிறார்கள். தெரியாமலா, தெரிந்தேவா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்ற கணக்கு. பாலியூரித்தேனைக் காற்றில்லாமல் திடமாக எடுத்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,200 கிலோ இருக்கும். இருக்கைகளில் பயன்படும் நுரை 25 முதல் 35 கிலோ. அப்படியானால் 30 கிலோ நுரையில் பொருள் வெறும் இரண்டரை சதவீதம்; மீதி 97.5 சதவீதம் காற்று. அந்த இரண்டரை சதவீதம்தான் மெத்தையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பொருள் குறைந்தால் அறைச் சுவர்கள் மெலிந்திருக்கும். சில பருவங்களில் துவண்டுவிடும்.

கடினம் என்பது வேறு. ஒரு வட்டத் தட்டை நுரைக்குள் குறிப்பிட்ட அளவு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற அளவு அது. அமெரிக்க முறையில் தடிமனில் 25 சதவீதம் அமுக்கி அளப்பார்கள், ஐ.எஸ்.ஓ. 2439 தர முறையில் 40 சதவீதம் வரை அமுக்குவதும் உண்டு. எந்த முறை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் ஒப்பிட வழியில்லை. அடர்த்தி குறைந்த நுரையையும் வேதிச் சேர்க்கையை மாற்றிக் கடினமாக்கிவிட முடியும். கடையில் அமுக்கிப் பார்ப்பவர் விரல் சொல்வதை நம்பி, ‘கெட்டியாக இருக்கிறது, நல்ல நுரை’ என்று வாங்கிப் போவார். அது ஓர் ஆண்டில் சப்பையாகும்.

விரலுக்குத் தெரியாததைத் தராசு கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். 100 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளம், 10 செ.மீ. தடிமன் என்றால் கன அளவு 0.13 கன மீட்டர். 22 கிலோ அடர்த்தியில் நுரையின் எடை 2.9 கிலோ, 35 கிலோ அடர்த்தியில் 4.6 கிலோ. உறையும் பட்டைகளும் ஒரே மாதிரி இருந்தால், எடை குறைவு என்று பெருமையாக எழுதியிருக்கும் மெத்தையில் எது குறைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். தூக்கிச் செல்ல எளிதாக இருக்கும் என்பது உண்மைதான். அந்த வசதியின் விலையை விழும்போது கொடுப்போம்.

உறையும் மடிப்பும்

உறைத் துணியை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள்: 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ, அது அத்தனை டெனியர். உழைக்கும் மெத்தைகளில் 1,000 டெனியர் அல்லது அதற்கும் மேற்பட்ட நைலான் இருக்கும். விலை குறைந்தவற்றில் 600 டெனியர் பாலியெஸ்டர். துணியைக் காட்டிலும் முதலில் போவது கொக்கிகளும் தோள்பட்டை தைத்த மூலைகளும்தான். உலோகக் கொக்கி காலடியில் மிதிபட்டாலும் தாங்கும்; பிளாஸ்டிக் தெறிக்கும்.

மடிப்பு இன்னும் முக்கியம். ஏனென்றால் அது எலும்போடு சம்பந்தப்பட்டது.

1. நடுக்கீல் மடிப்பு: இரண்டு தனி நுரைகள், நடுவே துணிக் கீல். தட்டையாக மடியும், சமமாக விரியும். ஆனால் கீலின் மேல் குதிகால் விழுந்தால் அங்கே நுரை இல்லை. கணுக்கால் திரும்புவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.
2. வளைப்பு மடிப்பு: ஒரே நுரையை அப்படியே வளைத்து மடிப்பது. இடைவெளி இல்லை. ஆனால் நடுவில் நுரை நிரந்தரமாகக் கசங்கும். விரித்தாலும் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். தடிமன் கூடினால் மடிக்கவே முடியாது.
3. சாய்வுக் கீல்: இரண்டு நுரைகளின் சந்திப்பைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும்படி செய்வது. வெட்டுவதும் தைப்பதும் கூடுதல் வேலை. கீலின் பள்ளம் பெருமளவு மறைந்துவிடும்.

செக் நாட்டு ஓகுன் நிறுவனம் உள்ளே நுரைத் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரத்தில் விழுந்தாலும் தாங்கும்படி செய்யப் பார்த்தது. மேட் ராக் நிறுவனம், மறுசுழற்சி நுரைத் துணுக்குகளை அறைகளில் அடைத்து ஒரு மெத்தையைக் கொண்டுவந்தது. பெரும்பாலோர் மேலே கெட்டி, கீழே மென்மை என்ற பழைய அடுக்கோடு நின்றுவிட்டார்கள். என் கணிப்பில் அதில் தவறில்லை.

தயாரிப்பாளர் என்றால் யார்?

அநேகமாக எந்த கிராஷ் பேட் நிறுவனமும் நுரையைத் தானே தயாரிப்பதில்லை. பாலியூரித்தேன் நுரை, பெரிய வேதி ஆலைகளில் நீளமான பாளங்களாக வார்க்கப்படுவது. அதன் பெருவாடிக்கையாளர்கள் படுக்கை, சோபா, வாகன இருக்கை செய்பவர்கள். கிராஷ் பேட் தொழில் அவர்களுக்கு முன்னால் ஒரு துளி. ஆகவே இங்கே தயாரிப்பாளர் என்றால் தேர்ந்தெடுப்பவர், வெட்டுபவர், தைப்பவர். வார்ப்பு அச்சு வேண்டாம், உலோகப் பட்டறை வேண்டாம். நல்ல தையல் எந்திரங்களும் நுரை வெட்டும் கருவியும் இடவசதியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அதனால்தான் களத்தில் இப்படி ஒரு கலவை:

முதலாவது, மலையேற்றக் கருவிகளின் பெரிய நிறுவனங்கள். அமெரிக்காவின் பிளாக் டைமண்ட், மெட்டோலியஸ், பிரான்சின் பெட்சல், ஜெர்மனியின் எடல்ரிட், வேல்ஸின் டி.எம்.எம். இவர்களுக்கு மெத்தை என்பது நீண்ட பட்டியலில் ஒரு வரி. கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காராபைனரில் சம்பாதித்த நற்பெயர் மெத்தைக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது. உலோகத்தை இழுத்துச் சோதிக்கும் கலை நுரைக்குத் தானாகக் கடத்தப்படுவதில்லை என்பதை வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, மெத்தையையே அடையாளமாகக் கொண்டவர்கள். பென்சில்வேனியாவில் தைக்கும் ஆர்கானிக் கிளைம்பிங், ஐடஹோவின் அசானா போன்றவை. அசானா, உள்ளரங்கங்களின் தரை மெத்தைகளையும் செய்கிறது. நுரையோடு நாள்தோறும் பழகும் அனுபவம் அங்கே உண்டு. இவர்களுடைய விலை கூடுதலாக இருப்பதற்குக் கூலியும் நுரையும் துணியும் காரணம். பெயருக்காகக் கொடுக்கும் காசு இதில் குறைவு என்பது என் எண்ணம்.

மூன்றாவது, எங்கோ ஓர் ஆலையில் உடற்பயிற்சி மெத்தையோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, வேறு வேறு பெயர் ஒட்டி விற்கப்படுபவை. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

சான்று முத்திரை ஏன் இல்லை?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 ஒழுங்குமுறை, தனிநபர் பாதுகாப்புக் கருவி என்பதை ஒருவர் அணிவது அல்லது கையில் பிடிப்பது என்று வரையறுக்கிறது. இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் அதற்குள் அடங்கும். தரையில் கிடக்கும் மெத்தையை யாரும் அணிவதில்லை. எனவே அந்தக் கட்டாயச் சோதனை வளையத்துக்கு அது வெளியே நிற்கிறது. உள்ளரங்கப் போல்டரிங் சுவர்களுக்கு ஈ.என். 12572-2 என்ற தரம் உண்டு. ஆனால் அங்கே மெத்தை கட்டடத்தின் பகுதி, தடிமன் பெரும்பாலும் 30 செ.மீ. அளவில் இருக்கும். முதுகில் சுமக்கும் 10 செ.மீ. மெத்தையை அதோடு ஒப்பிட்டு, ‘அரங்கத்தில் இதே உயரத்திலிருந்து விழுந்தேனே’ என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

சோதனை முறை வகுப்பதும் லேசான காரியமில்லை. குழந்தைகள் விளையாட்டிடத் தரைக்கு ஈ.என். 1177 இருக்கிறது: தலை வடிவக் கருவி ஒன்றைத் தரையில் விழவிட்டு, தலைக்காயக் குறியீடு 1,000ஐத் தாண்டாத உயரம் எது என்று அளப்பார்கள். கிராஷ் பேட்டில் எதை விழவிடுவது? குதிகால் வடிவத்தையா, முதுகு வடிவத்தையா? நடுவிலா, ஓரத்திலா, கீலின் மேலா? அடியில் சமதளமா, கல்லா? ஒவ்வொரு தேர்வும் ஒருவகை மெத்தைக்குச் சாதகமாக முடியும்.

காற்றுக்குக் கட்டும் கூலி

விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.இல் பெருக்கி, கூரியர் நிறுவனங்கள் வழக்கமாக 5,000ஆல் வகுப்பார்கள். மடித்த மெத்தை 100, 65, 20 செ.மீ. என்றால் விடை 26. தராசில் 6 கிலோ. ரசீதில் 26 கிலோ. மீதி 20 கிலோவும் காற்றுக்குக் கட்டும் கூலி.

கப்பலிலும் இதே கதை. 40 அடி உயர்வகைக் கொள்கலனின் உள்ளளவு சுமார் 76 கன மீட்டர். இடைவெளியே விடாமல் அடுக்கினாலும் 580 மெத்தைகள்தான் போகும். மொத்த எடை மூன்றரை டன். அந்தக் கொள்கலன் 26 டன்னுக்கு மேல் தாங்கக்கூடியது. காராபைனர் பெட்டிகளை ஏற்றினால் இடம் மிஞ்ச, எடைதான் முதலில் முடியும். காற்றை உறிஞ்சிச் சுருக்கி அனுப்பலாமே என்றால், முடியும். ஆனால் வாரக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நுரை தன் பழைய உயரத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. திறந்த அறை நுரைக்கு ஓரளவு பரவாயில்லை, மேலடுக்குக்கு ஆகாது.

விளைவு என்னவென்றால், காராபைனரை ஓரிடத்தில் செய்து உலகெங்கும் அனுப்பும் பெருநிறுவனத்தின் அனுகூலம் மெத்தையில் பெருமளவு கரைந்துபோகிறது. அந்தந்த வட்டாரத்தில் தைத்து அங்கேயே விற்கும் சிறு கூடங்கள் பிழைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம். தூரத்திலிருந்து வந்தும் மலிவாக இருக்கும் மெத்தை, கப்பல் கூலியை எதில் மிச்சம் பிடித்தது என்ற கேள்வியும் இங்கிருந்துதான் எழுகிறது.

நுரை செத்த பிறகு

கிராஷ் பேட் மெல்ல மெல்லச் சாகும். நுண்ணறைச் சுவர்கள் ஒவ்வொன்றாக உடையும்; வழக்கமாக விழும் நடுப்பகுதி முதலில் போகும். வெளியே உறை புதிதுபோல் இருக்கும். முழங்காலை ஊன்றி முழு எடையையும் போட்டுப் பாருங்கள்: அடியில் தரை தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. மடித்துப் பட்டையை இறுக்கி மாதக்கணக்கில் வைத்தால் இது விரைவாக நடக்கும். விரித்து, ஈரம் உலர்த்தி வைத்தால் தள்ளிப்போகும். கடுங்குளிரில் நுரை விறைக்கும், வெயிலில் தளரும். ஒரே மெத்தை காலையில் ஒரு மாதிரியும் நண்பகலில் இன்னொரு மாதிரியும் இருப்பது மனப்பிரமை அல்ல.

உறை நன்றாக இருக்கும்போது நுரையை மட்டும் மாற்றுவதே சிக்கனம். தயாரிப்பாளரை எடைபோட எனக்குத் தெரிந்த நேர்மையான கேள்வி இதுதான்: மாற்று நுரை தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்பவர் உள்ளே வைத்ததைக் காட்டத் தயங்காதவர். உறைக்கு ஜிப்போ ஒட்டுப்பட்டையோ வைக்காமல் நாற்புறமும் தைத்து மூடியவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவே இல்லை.

மாற்று நுரைக்கும் அதே 26 கிலோ கணக்குத்தான் என்பதால் பலர் இருக்கை தைப்பவரிடம் போய், ‘10 செ.மீ. நுரை கொடுங்கள்’ என்கிறார்கள். அவர் கொடுப்பது உட்காருவதற்கான நுரை. அவரிடம் போகுமுன் பழைய மெத்தையைத் திறந்து, எந்த அடுக்கு எந்தப் பக்கம், ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ. என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். நசுங்காத மூலை ஒன்றில் அளவு தெரிந்த துண்டை வெட்டி நிறுத்துப் பார்த்தால் அடர்த்தியும் கிடைத்துவிடும். மேலடுக்கின் மூடிய அறை நுரை துவளாமல் இருந்தால் அதை அப்படியே திரும்ப வைக்கலாம். கெட்டிப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும்.